ஃபுளோரைடு அளக்க ஓர் எல்இடி ஒளிமானி: கட்டும் முறையும் பிழை புகும் இடங்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மண்ணுக்கு அடியில் கிடப்பது கிரானைட்டும் நைஸ் பாறையும். அவற்றிலுள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. நீரில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய நீரில் அது கரைந்தபடியே தங்கும். ஒகேனக்கல் திட்டத்தில் காவிரி நீர் வந்த பிறகும் தோட்டத்து போர்வெல்லைக் குடிக்கப் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. பக்கத்துப் பக்கத்து போர்வெல்களிலேயே அளவு மாறும் என்பதால் ஊருக்கு ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது போதாது. போர்வெல் ஒவ்வொன்றையும் அங்கேயே அளக்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. நிறஅட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கள ஆய்வுப் பெட்டிகளில் சிக்கல் இங்கேதான் வருகிறது: 1.0க்கும் 1.5க்கும் உள்ள நிற வேறுபாடு வெயிலில் ஒரு மாதிரியும் டியூப்லைட்டில் ஒரு மாதிரியும் தெரியும். பார்ப்பவர் மாறினால் எண்ணும் மாறும். இங்கே விவரிக்கும் ஒளிமானி, அதாவது நிறக் கரைசலின் ஊடே எவ்வளவு ஒளி கடக்கிறது என்று அளக்கும் கருவி, அந்த இடைவெளியை ±0.1 மில்லிகிராம் அளவுக்குப் பிரித்துச் சொல்லும்; சரிபாதி நீர்த்த மாதிரியில் அது ±0.2. சில்லறை விலையில் பாகங்கள் ரூ.1500 அளவில் அடங்கும். ஆனால் அந்த ±0.1ஐ எட்டவிடாமல் தடுப்பது பெரும்பாலும் மின்னணுப் பகுதி அல்ல. வெளிச்சக் கசிவு, வெப்பம், எல்லாவற்றுக்கும் மேலாக அளந்து ஊற்றும் கரைசல், இவைதான். அதனால் சர்க்யூட்டுக்குக் கொடுக்கும் இடத்தைவிட அதிக இடத்தை அவற்றுக்குக் கொடுத்திருக்கிறோம்.

எதை அளக்கிறோம்

ஸ்பாட்ன்ஸ் என்பது ஒரு சிவப்புச் சாயம். அமிலத்தில் சிர்கோனியத்தோடு சேர்ந்து அடர்ந்த நிறக் கூட்டாக நிற்கும். ஃபுளோரைடு வந்ததும் சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது, நிறம் வெளுக்கிறது. ஃபுளோரைடு கூடக் கூட, 570 நானோமீட்டர் ஒளி அதிகமாக ஊடுருவும். பெரும்பாலான நிறச் சோதனைகளில் தேடும் பொருள் கூடினால் நிறம் அடர்த்தியாகும். இது தலைகீழ். இந்தத் தலைகீழ் தன்மைதான் பின்னால் வரும் பல பிழைகளுக்கும் வேர்: ஃபுளோரைடே இல்லாத நீரிலும் நிறம் மிக அடர்த்தி, நாம் அளப்பது அந்தப் பெரிய நிறத்தில் ஏற்படும் சிறிய குறைவை.

முறையின் நேர்கோட்டு வீச்சு லிட்டருக்கு 0 முதல் 1.4 மில்லிகிராம் வரை. அதற்கு மேல் சிர்கோனியம் தீரத் தொடங்கும், நிறம் மேலும் வெளுக்காது. 6 மில்லிகிராம் உள்ள நீர்கூட 2 அளவில் இருப்பது போலக் காட்டிவிடும். ஆகவே இப்பகுதி நீரை எப்போதும் சரிபாதி நீர்த்தே அளக்க வேண்டும். கிடைத்த எண்ணை இரண்டால் பெருக்கியும் 2.4க்கு மேல் வந்தால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி அளக்கவும்.

பாகங்கள்

எல்இடி தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் பச்சை என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். கண்ணைக் கூசும் புது வகை 520 நானோமீட்டரை ஒட்டியது, நமக்கு ஆகாது. பழைய ரேடியோக்களில் எரிந்த மங்கலான மஞ்சள் கலந்த பச்சைதான் 570ஐ ஒட்டி ஒளிரும். கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் மல்டிமீட்டரால் பிரிக்கலாம்: 5 மில்லிஆம்பியர் ஓடும்போது பழைய வகையின் குறுக்கே ஏறத்தாழ 2 வோல்ட் நிற்கும், புது வகையில் 3 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 5 மில்லிமீட்டர் அளவில் வாங்கி, உருண்டையான முனையை 400 எண் உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். குவிந்த ஒளிக்கற்றை என்றால் க்யூவெட் (கரைசலை ஊற்றி வைக்கும் சிறு சதுரக் குப்பி) இம்மி நகர்ந்தாலும் அளவு மாறும். பரவிய ஒளி அந்தத் தொல்லையைக் குறைக்கும்.

ஒளி உணரி பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடு. ஒளியுணரும் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர், 430 முதல் 1100 நானோமீட்டர் வரை வேலை செய்யும். தெளிவான உறையுள்ளதையே வாங்க வேண்டும். கறுப்பு உறையில் வருபவை அகச்சிவப்புக்கு மட்டுமானவை. பச்சை ஒளி அவற்றுக்குள் புகாது. எந்தக் கால் ஆனோடு என்ற சந்தேகம் வந்தால், வெயிலில் காட்டி மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். நேர்மின் பக்கம் ஆனோடு.

எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் உணரி) வேண்டாம். அதன் மின்தடை ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறாது, சற்றுமுன் பட்ட வெளிச்சத்தின் பாதிப்பும் அதில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். செல்போன் கேமரா நிறச் சமநிலையையும் ஒளியளவையும் தானே மாற்றிக்கொள்கிறது. அதையெல்லாம் பூட்டிவைத்தாலும் படமாகச் சேமிக்கும்போது எண்களை வளைத்துவிடும். ஏஎஸ்7341 போன்ற பல அலைநீள உணரிகள் நல்லவையே, 555, 590 நானோமீட்டர் தடங்கள் அவற்றில் உண்டு. ஒரே ஒரு சோதனைக்கு அவ்வளவு தேவையில்லை.

மற்றவை: எம்சிபி6002 ஆப்-ஆம்ப் (சிறு மின்குறியைப் பெருக்கும் ஐசி), ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் எண்மாற்றி, 3.3 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ப்ரோ மினி, 0.96 அங்குல ஓஎல்இடி திரை, ஒரு 18650 லித்தியம் செல், பாதுகாப்புச் சுற்றுள்ள டிபி4056 சார்ஜர் போர்டு, பிசி547 டிரான்சிஸ்டர், சில்லறை ரெசிஸ்டர்கள். 10 மில்லிமீட்டர் ஒளிப்பாதை உள்ள சதுர பிளாஸ்டிக் க்யூவெட் ஒரு பெட்டி. வட்டக் கண்ணாடிக் குப்பிகளைத் தவிருங்கள். அவை லென்ஸ் போல வேலை செய்து, திருப்பும் ஒவ்வொரு கோணத்துக்கும் ஓர் எண் காட்டும்.

சர்க்யூட்

எம்சிபி6002வில் இரண்டு ஆப்-ஆம்ப்கள். முதலாவது, ஃபோட்டோடையோடின் மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்றுவது. டையோடின் கேத்தோடு தலைகீழ் உள்ளீட்டுக்கு, அங்கிருந்து வெளியீட்டுக்கு 2.2 மெகா ஓம், அதற்கு இணையாக 2.2 நானோஃபாரட். இரண்டாவதை வெறும் தாங்கியாகப் பயன்படுத்துகிறோம்: 3.3 வோல்ட்டிலிருந்து 33 கிலோ ஓம், தரைக்கு 1 கிலோ ஓம், நடுவில் கிடைக்கும் ஏறத்தாழ 0.1 வோல்ட்டைத் தாங்கி வழியாக முதல் ஆப்-ஆம்பின் நேர் உள்ளீட்டுக்கும் டையோடின் ஆனோடுக்கும் கொடுக்க வேண்டும்.

அந்த 0.1 வோல்ட் எதற்கு? ஒற்றை மின்வழங்கலில் ஓடும் ஆப்-ஆம்பின் வெளியீடு முழுப் பூச்சியத்தைத் தொடாது. அதன் உள்ளீட்டு விலகல் சில மில்லிவோல்ட் கீழ்நோக்கி இருந்தால், இருட்டில் வெளியீடு தரையில் முட்டி நிற்கும். அப்போது இருட்டு அளவீடு பொய்யாகிவிடும், அதைக் கழித்து வரும் எல்லாமும் பொய்யாகும். 0.1 வோல்ட் மேலே உயர்த்தி வைத்தால் இருட்டு அளவு எப்போதும் தெளிவாகத் தெரியும், கழித்துவிடலாம்.

2.2 மெகா ஓம் என்பது தொடக்க மதிப்பு. க்யூவெட்டில் வெறும் காய்ச்சி வடித்த நீரை வைத்து எல்இடியை எரியவிட்டால் வெளியீடு 2.5 முதல் 2.8 வோல்ட் வர வேண்டும். 3.2ல் போய் முட்டினால் 1 மெகா ஓமுக்கு இறங்குங்கள். 1 வோல்ட்டுக்கும் கீழே என்றால் 4.7க்கு ஏறுங்கள்.

எல்இடிக்கு மின்னோட்டம் நிலையாக இருக்க வேண்டும். செல்லின் வோல்ட் 4.2லிருந்து 3.5 வரை இறங்கும்போது வெளிச்சமும் கூடவே இறங்கினால் பயனில்லை. எல்இடியின் நேர்காலைச் செல்லுக்கும், மறுகாலை பிசி547இன் கலெக்டருக்கும் இணையுங்கள். எமிட்டரிலிருந்து தரைக்கு 100 ஓம். ஆர்டுயினோவின் ஒரு பின்னிலிருந்து 3.9 கிலோ ஓம், பேஸிலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம். பின் உயரும்போது எமிட்டரில் அரை வோல்ட் நிற்கும், எல்இடியில் 5 மில்லிஆம்பியர் ஓடும். இதில் இலவசமாக ஒரு நன்மையும் உண்டு. வெப்பம் ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்ட் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறைந்து மின்னோட்டம் சற்றுக் கூடும். எல்இடியோ வெப்பத்தில் மங்கும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டுகின்றன, முழுமையாக அல்ல.

போர்டைச் சாலிடர் செய்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தூரிகையால் நன்றாகக் கழுவ வேண்டும். மெகா ஓம் அளவில் வேலை செய்யும் இடத்தில் ஃப்ளக்ஸ் கறையே ஒரு ரெசிஸ்டர். 3.3 வோல்ட் தடத்துக்கும் தலைகீழ் உள்ளீட்டுக்கும் நடுவே 100 மெகா ஓம் கசிவு இருந்தால் 32 நானோஆம்பியர் உள்ளே வரும், 2.2 மெகா ஓமில் அது 70 மில்லிவோல்ட். கசிவு இந்தத் திசையில் வந்தால் இருட்டு அளவு 0.1 வோல்ட்டை விட்டுக் கீழே இறங்கிக் காணப்படும். மழைக்காலத்தில் மட்டும் இருட்டு அளவு அலைந்தால் முதலில் இந்தக் கறையைச் சந்தேகியுங்கள்.

ஏடிஎஸ்1115ஐ ±4.096 வோல்ட் வீச்சில் வைத்தால் ஒரு படி 0.125 மில்லிவோல்ட். இவ்வளவு நுணுக்கம் உண்மையில் தேவையா என்றால், இல்லை. ஆர்டுயினோவில் உள்ளேயே இருக்கும் 10 பிட் எண்மாற்றியின் ஒரு படி 3.2 மில்லிவோல்ட், 1 வோல்ட் அளவில் அது 0.3 சதவீதம், ஃபுளோரைடாகக் கணக்கிட்டால் 0.01 மில்லிகிராமுக்கும் குறைவு. பணம் இடித்தால் ஏடிஎஸ்1115ஐ விட்டுவிடலாம். கரைசலைத் துல்லியமாக அளந்து எடுக்கும் பிப்பெட்டை விடக்கூடாது.

ஒளி அறை

சதுர க்யூவெட்டின் வெளி அளவு 12.5 மில்லிமீட்டர். அறையின் துளையை 12.7 வைத்து, ஒரு மூலையில் மெல்லிய வில் ஒன்றால் எதிர் மூலைக்கு அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும். ஒளித்துளைகள் அடியிலிருந்து 12 மில்லிமீட்டர் உயரத்தில், எல்இடி பக்கமும் டையோடு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டம். 3 மில்லிலிட்டர் ஊற்றினால் நீர்மட்டம் 30 மில்லிமீட்டர் நிற்கும், கற்றை அதற்கு வெகு கீழே போகும். அறையின் அடியில் ஒரு வடிகால் துளை அவசியம். சிந்திய அமிலம் டையோடின் கால்களில் தேங்கக்கூடாது.

முப்பரிமாண அச்சில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணுக்குக் கன்னங்கரேல் என்று தெரியும் பிளாஸ்டிக் பலவும் அகச்சிவப்பை உள்ளே விடும். சிலிக்கான் டையோடு 900 நானோமீட்டரில்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது, வெயிலில் அகச்சிவப்புக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குள் சரியாக வேலை செய்த கருவி வயல் வரப்பில் தடுமாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். வெளிப்புறம் முழுக்க அலுமினிய ஒட்டுத்தாள் சுற்றி, உட்புறம் பளபளப்பில்லாத கரும்பலகை பெயிண்ட் அடித்தால் தீரும். மூடியில் ஒரு படி வைத்து, வெளிச்சம் நேராக நுழைய முடியாதபடி மடித்துவிடுங்கள்.

அறையை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். எல்இடியை அணைத்து, உச்சி வெயிலில் வைத்து, மூடியைத் திறக்காமல் கருவியைச் சுற்றித் திருப்புங்கள். இருட்டு அளவு 1 மில்லிவோல்ட்டுக்கு மேல் அசையக்கூடாது. அடுத்து, அலுமினியத் தாள் சுற்றிய க்யூவெட்டை வைத்து எல்இடியை எரியவிடுங்கள். அளவு இருட்டு அளவோடு ஒத்துப்போக வேண்டும். கூடுதலாக ஏதேனும் வந்தால், அது கரைசலைத் தொடாமலே சுவரில் பட்டு டையோடுக்கு வரும் ஒளி. 1 சதவீதம்தானே என்று விடக்கூடாது: உண்மையான உறிஞ்சல் (கரைசல் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன் மடக்கை அளவு; 1.0 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் கடக்கும்) 1.0 ஆக இருக்கும் கரைசல் அப்போது 0.96 என்று காட்டும். அடர்த்தி கூடக் கூட இந்தப் பிழையும் வளரும், நேர்கோடு வளையும். பழுது பெரும்பாலும் டையோடு பக்கத் துளையின் ஓரத்தில் இருக்கும்; அங்கே கறுப்பு ஃபெல்ட் துணி வளையம் ஒட்டுங்கள்.

நிரல் செய்ய வேண்டியது

அளக்கும் பொத்தானை அழுத்தியதும் திரையை அணைக்க வேண்டும். திரையின் வெளிச்சமும் அதன் மின்னிரைச்சலும் இரண்டுமே தொல்லை. பிறகு எல்இடி அணைந்த நிலையில் 16 அளவீடு, எல்இடி எரிந்து 50 மில்லிவினாடி பொறுத்து 16 அளவீடு, மறுபடி அணைத்து 16 அளவீடு. 2.2 மெகா ஓம், 2.2 நானோஃபாரட் இணையின் கால மாறிலி 5 மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவு. அதன் பத்து மடங்கு பொறுக்கிறோம். முன்னும் பின்னும் எடுத்த இருட்டு அளவுகளின் சராசரியைக் கழிக்க வேண்டும். அவ்விரண்டும் 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால் எண் காட்டாமல் பிழை என்று காட்டட்டும். மூடி சரியாக மூடவில்லை என்று பொருள்.

கணக்கு எளிது. ஃபுளோரைடு இல்லாத நீரோடு வினைக்கரைசல் (ஸ்பாட்ன்ஸ் சாயமும் சிர்கோனியமும் கலந்த அமிலக் கரைசல்) சேர்த்த சூனியத் தரக்கரைசலின் அளவு ச, மாதிரியின் அளவு ம, இரண்டிலும் இருட்டு கழித்தாகிவிட்டது என்றால், ம என்பதை ச என்பதால் வகுத்து வரும் எண்ணின் பத்தடி மடக்கைதான் உறிஞ்சலில் ஏற்பட்ட குறைவு. வெறும் நீரின் அளவு கணக்கிலேயே வராது. அதை அளவீட்டுக்கோட்டின் (ஃபுளோரைடு அளவு தெரிந்த தரக்கரைசல்களை அளந்து வரையும் கோட்டின்) சரிவால் வகுத்தால் லிட்டருக்கு மில்லிகிராம். செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் அளக்க மறுக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கரைசல்கள்

ஸ்பாட்ன்ஸ் 958 மில்லிகிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 500 மில்லிலிட்டர் ஆக்க வேண்டும். தனியாக, சிர்கோனைல் குளோரைடு எட்டுநீரேறி 133 மில்லிகிராமை 25 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 350 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, நீரால் 500 மில்லிலிட்டர் ஆக்க வேண்டும். இரண்டையும் சம அளவு கலந்தால் வினைக்கரைசல் தயார். வெளிச்சம் படாமல் வைத்தால் இரண்டாண்டு வரை கெடாது. அமிலம் ஊற்றும் வேலையைப் புகைபோக்கி அலமாரி உள்ள கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். மில்லிகிராம் தராசும் அங்கேதான் கிடைக்கும்.

தரக்கரைசலுக்கு, உலர்ந்த சோடியம் ஃபுளோரைடு 221.0 மில்லிகிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு. அதைப் பத்து மடங்கு நீர்த்தால் 10. இதிலிருந்து 4, 8, 12, 14 மில்லிலிட்டர் எடுத்து ஒவ்வொன்றையும் 100 மில்லிலிட்டராக்கினால் 0.4, 0.8, 1.2, 1.4. எல்லாம் பாலித்தீன் பாட்டிலில் இருக்கட்டும். சோடியம் ஃபுளோரைடு நஞ்சு, பெயர் எழுதாமல் வைக்காதீர்கள்.

நீர்ப்பதற்கு எந்த நீரைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஆர்ஓ கேன் தண்ணீரில் ஃபுளோரைடு மிச்சம் இருக்கலாம், அது சூனியத் தரக்கரைசலாகாது. பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் சில நன்றாக இருக்கும், சில இராது. ஆய்வகத்துக் காய்ச்சி வடித்த நீரோடு ஒருமுறை ஒப்பிட்டு, ஒரே எண் வந்தால் மட்டும் அந்தப் புட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதம்: மாதிரி 5.00 மில்லிலிட்டர், வினைக்கரைசல் 1.00 மில்லிலிட்டர். இந்த முறையின் உயிர்நிலை அந்த 1.00. வினைக்கரைசலே அடர்ந்த நிறமுள்ளது என்பதால், அது கூடினாலும் குறைந்தாலும் நேரடியாக எண்ணில் தெரியும். ஒரு கணக்கு: கலவையின் உறிஞ்சல் 0.8, அளவீட்டுக்கோட்டின் சரிவு மில்லிகிராமுக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். வினைக்கரைசலை 2 சதவீதம், அதாவது வெறும் 20 மைக்ரோலிட்டர், கூட்டி ஊற்றினால் உறிஞ்சல் 0.013 ஏறும். 0.07 மில்லிகிராம் ஃபுளோரைடு குறைந்ததாகக் காட்டும். மேலே சொன்ன 10 பிட் எண்மாற்றியின் பிழையைவிட இது பல மடங்கு பெரியது. ஒரு துளி என்பது 50 மைக்ரோலிட்டர். சொட்டுமருந்துக் குழாயால் இந்தச் சோதனையைச் செய்வது வீண் வேலை.

களத்தில் பிப்பெட் பிடிக்க வசதியிருக்காது. அதனால் வீட்டிலேயே, ஒரே உட்காரலில், ஒரே மைக்ரோபிப்பெட்டால், 15 மில்லிலிட்டர் திருகுமூடிக் குழாய்களில் 1.00 மில்லிலிட்டர் வீதம் நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். சூனியத் தரக்கரைசலுக்கும் 0.8 தரக்கரைசலுக்கும் அதே கூட்டத்துக் குழாயையே பயன்படுத்த வேண்டும். பிப்பெட் 1 சதவீதம் தவறாக இருந்தாலும் எல்லாக் குழாயிலும் ஒரே தவறு, கழித்தலில் அடிபட்டுவிடும். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு இருந்தால் குழாய்களை நிரப்பும்முன்னும் பின்னும் எடை போட்டு, மற்றவற்றிலிருந்து 0.02 கிராமுக்கு மேல் விலகியதை ஒதுக்குங்கள். நிரப்பிய குழாய்களை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, இந்தக் குழாய்களையும் கருவியையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. அமில ஆவி மூடியைத் தாண்டிக் கசிந்து, செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும்.

களத்தில்

போர்வெல் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் போன பிறகு பிடியுங்கள். குளோரின் கலந்த மேல்நிலைத் தொட்டி நீர் வேண்டாம். குளோரின் சாயத்தை வெளுக்கவைத்து ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது போலக் காட்டும். அதை நீக்க நூல்களில் சொல்லும் சோடியம் ஆர்செனைட் கொடிய நஞ்சு, ஊருக்குள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய பொருள் அல்ல. குளோரின் கலக்கும் முன்பே மாதிரி எடுப்பதே நல்லது.

எல்லா மாதிரிகளையும் சூனியத் தரக்கரைசலையும் ஒரே வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். இந்த நிறக் கூட்டு வெப்பத்துக்கு ஏற்ப மாறும். தரக்கரைசல் நிழலிலும் மாதிரி வெயிலிலும் இருந்தால் பிழைதான். கருவியும் நிழலில் இருக்க வேண்டும். எல்இடி டிகிரிக்கு அரை சதவீதம் மங்குகிறது என்று வைத்தால், 10 டிகிரி ஏற்றத்தில் 5 சதவீதம். மேலே சொன்ன சரிவில் அது 0.1 மில்லிகிராம். டிரான்சிஸ்டரின் ஈடுகட்டலை நம்பி இருக்காமல், ஐந்து மாதிரிக்கு ஒருமுறை சூனியத் தரக்கரைசலை மறுபடி வைத்துப் பாருங்கள்.

2.50 மில்லிலிட்டர் மாதிரியும் 2.50 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரும் குழாயில் சேர்த்து, மூடி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் குமிழி வரும், குமிழி ஒளியைச் சிதறடிக்கும். ஒரு நிமிடம் கழித்து, எல்லா மாதிரிக்கும் ஒரே க்யூவெட்டில், அதே மாதிரியால் ஒருமுறை அலசிவிட்டு 3 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். க்யூவெட்டின் அம்புக்குறி எப்போதும் எல்இடி பக்கம். தெளிந்த முகங்களை விரலால் தொடக்கூடாது, துடைப்பது பஞ்சு உதிராத தாளால் மட்டும்.

அலுமினியம் என்ற கண்ணி

வீட்டில் ஃபுளோரைடு நீக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி. மற்றது, நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை. இரண்டிலும் சுத்திகரித்த நீரில் சிறிதளவு அலுமினியம் கரைந்து மிச்சமிருக்கலாம். அலுமினியம் ஃபுளோரைடை இறுகப் பிடித்துக்கொள்ளும். சாயத்திலுள்ள சிர்கோனியத்திடம் போக ஃபுளோரைடு மிஞ்சாது. உடனே அளந்தால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அலுமினியமே ஃபுளோரைடை 0.1 குறைத்துக் காட்டப் போதும்.

இதன் விளைவு மோசமானது. வடிகட்டி வேலை செய்யாத வீட்டிலும் வடிகட்டி பிரமாதமாக வேலை செய்கிறது என்று கருவி சொல்லும், குழந்தைகள் தொடர்ந்து அதைக் குடிப்பார்கள். ஆகவே சுத்திகரித்த நீர் எதுவானாலும் இரண்டு முறை அளக்க வேண்டும்: ஒரு நிமிடத்தில் ஒன்று, கால் மணி நேரத்தில் ஒன்று. எண் ஏறியிருந்தால் அலுமினியம் இருக்கிறது. கலந்த குழாயை மூடி இரண்டு மணி நேரம் வைத்தால், 3 மில்லிகிராம் வரை அலுமினியம் இருந்தாலும் அதன் பிடி தளர்ந்து உண்மை எண் வரும். சூனியத் தரக்கரைசலையும் அதே இரண்டு மணி நேரம் கூடவே வைத்திருக்க வேண்டும்.

சல்ஃபேட் எதிர்த்திசையில் ஏமாற்றும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தால் 0.1 கூட்டிக் காட்டும். படிகாரம் சேர்த்த நீரில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பதால், ஒன்றை ஒன்று சரிசெய்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. இரும்பு 10 மில்லிகிராமுக்குக் கீழே பெரிய தொல்லை தராது. ஆனால் துருவாக மிதக்கும் இரும்பு கலங்கலாகத் தெரியும், வடிகட்டிவிட்டு அளக்கவும்.

குறுக்கீடு இருக்கிறதா என்று பொதுவாக அறிய, சேர்த்து மீட்கும் சோதனை போதும். 0.6 காட்டிய மாதிரியில் 100 மில்லிலிட்டர் எடுத்து, லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசலை 4 மில்லிலிட்டர் சேருங்கள். 0.96 வர வேண்டும். 0.86க்குக் கீழேயோ 1.06க்கு மேலேயோ வந்தால் அந்த நீருக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. அதை வாலை வடித்தலும் அயனி மின்முனையும் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் பொதுமக்கள் தரும் மாதிரிகளையும் சோதிக்கின்றன.

கழிவும் மாற்றுப் பயன்பாடும்

பயன்படுத்திய கலவை வலுவான அமிலம். தனி கேனில் சேர்த்து வந்து, சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நடுநிலையாக்குங்கள். ஃபுளோரைடும் கால்சியம் உப்பாகப் பெருமளவு படிந்துவிடும். கிணற்றடியில் ஊற்ற வேண்டாம்.

எல்இடியை மாற்றினால் இதே அறை வேறு சோதனைகளுக்கும் ஆகும். எஞ்சிய குளோரினுக்கு டிபிடி முறையும் நைட்ரைட்டுக்கு கிரீஸ் முறையும் 525 நானோமீட்டர் பச்சையில் ஓடும்; இங்கே அந்தக் கண்ணைக் கூசும் புது வகை எல்இடிதான் சரி. பாஸ்பேட்டின் நீல மாலிப்டினம் முறைக்கு 880 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி போடலாம். டையோடு மிகக் கூர்மையாக இருக்கும் இடம் அது, ஆகவே ஃபீட்பேக் ரெசிஸ்டரை வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கும். நொதிச் சோதனைகளில் வரும் மஞ்சள் நிறத்தை 405 முதல் 420 நானோமீட்டரில் அளக்க வேண்டுமானால் சாதாரண பிபிடபிள்யூ34 அந்த ஓரத்தில் மந்தம். நீலத்துக்குக் கூர்மையாக்கப்பட்ட பிபிடபிள்யூ34பி வேண்டும். ஒவ்வொரு எல்இடிக்கும் அளவீட்டுக்கோட்டைத் தனியாகப் போட வேண்டும். எல்இடியின் ஒளி 30 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியது என்பதால், ஆய்வகக் கருவிக்கான சரிவை நூலிலிருந்து எடுத்துப் பொருத்தினால் தவறாகவே வரும்.

முடிவை எழுதும்போது ஒரு தசமத்தோடு நிறுத்துங்கள். சரிபாதி நீர்த்த மாதிரியில் பிழையும் இரட்டிக்கிறது என்பதால் அதை ±0.2 என்று குறியுங்கள். 1.3க்கும் 1.7க்கும் இடையில் வரும் எந்த எண்ணையும் வைத்துக் குடிக்கலாம், கூடாது என்று அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டாம். இரண்டாவது குழாயில் மறுபடி அளந்து, ஒரு பாலித்தீன் பாட்டிலில் அதே நீரை எடுத்து, போர்வெல்லின் ஆழம், இடம், தேதி, நீரின் வெப்பம் நான்கையும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.